தொப்பூர் இறக்கத்துக்கு லாரி ஓட்டுநரைப் பழக்குவது எப்படி

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே கட்டுப்பாட்டை இழந்து முன்னால் செல்லும் வண்டிகள்மீது மோதுவது பலமுறை நடந்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று பிறகு சொல்வார்கள். ஆனால் இறக்கத்தின் தலைப்பிலேயே கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருந்தால், அந்தப் பிரேக் எப்படிப் பிடிக்கும்? ஓட்டுநருக்குப் பயிற்சி தர நினைக்கும் லாரி உரிமையாளர் இந்தப் பழக்கத்தை மாற்றுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் காரணத்தைப் புரியவையுங்கள். நியூட்ரலில் இறங்கும் வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிப்பதில்லை. முழுச் சுமையும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்களின்மீது விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கைவிட்டு விலகுகிறது, லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது; அடிக்கடி மிதிப்பதால் பிரேக்கை இயக்க டேங்கில் அடைத்துள்ள காற்றின் அழுத்தமும் இறங்குகிறது. டீசல் மிச்சமாகும் என்று எண்ணியே பலர் இப்படி இறக்குகிறார்கள். மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அவை டீசலை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். இதை உரிமையாளரே சொல்ல வேண்டும், ஏனெனில் டீசல் கணக்குக் கேட்பவர் அவர்தான்.

அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சிக்கு விதிக்கப்பட்டிருப்பது 38 மணி நேரம். மலை இறக்கம் கைவர அது போதாது என்பதே என் கருத்து. ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் வெறும் வண்டியிலும், பிறகு பாதி பாரத்திலும், பகலில் இறக்கிப் பழக்குங்கள். இறக்கத்துக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி அந்தக் காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் கேஜைப் பார்த்து, கியரைக் குறைத்த பின்புதான் இறங்க வேண்டும். பாதி வழியில் குறைக்க முயன்றால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓடத் தொடங்கிவிடலாம். புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, வேகம் ஏறும்போது மட்டும் கால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, குறைந்ததும் காலை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தறிகெட்ட வண்டியை அடக்கும் சாகசத்தைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியை அடக்கப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு அத்தகைய சாலைகளில் விபத்துகள் கூடவே செய்தன.

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி அதே ஓட்டுநருடன் ஒரு நடை போய் வாருங்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, டிரம்மைத் தொடாமல் சக்கரத்தருகே கையைக் கொண்டுசெல்லுங்கள். அனல் அடித்தாலோ லைனிங் கருகிய வாடை வந்தாலோ, மறுபடியும் வெறும் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.