சைகோன் – புனோம் பென் பஸ்: காசையும் நாளையும் தின்கிற தவறுகள்

ஹோ சி மின் சிட்டி என்று பெயர் மாறியும் ஊர்க்காரர்களே இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து கம்போடியத் தலைநகர் புனோம் பென் சுமார் 230 கிலோமீட்டர். எல்லையில் தகராறு எதுவும் இல்லையென்றால் பஸ்ஸில் ஆறு, ஏழு மணி நேரம். வியட்நாம் பக்கச் சோதனைச்சாவடிக்கு மொக் பாய் என்று பெயர், கம்போடியப் பக்கத்துக்கு பாவெட். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

விமானத்தைவிட மலிவு, டிக்கெட் எங்கும் கிடைக்கும், சாலையும் நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் நெயாக் லோங்கில் மெகாங் ஆற்றைக் கடக்க ஃபெர்ரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2015 ஏப்ரலில் ஜப்பான் உதவியோடு கட்டிய பாலம் திறந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. எனவே சாலையில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் காகிதத்தில்.

முதல்முறை போகிறவர்கள் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "பஸ்காரங்க பார்த்துக்குவாங்க." பஸ்காரர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் விசா சரியா, பெயர் சரியா, முத்திரை விழுந்ததா என்பது அவர்கள் பொறுப்பில்லை. நாற்பது பேரில் ஒருவர் மாட்டினால் மீதி முப்பத்தொன்பது பேரோடு பஸ் கிளம்பிவிடும். பாஸ்போர்ட்டை மறந்து வைப்பது, நேரத்துக்கு வராமல் இருப்பது மாதிரியானவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. யோசித்துச் செய்தவர்களே மாட்டிக்கொள்கிற இடங்கள் மட்டும் கீழே.

இ-விசாவில் தவறான நுழைவிடம்

வியட்நாம் இ-விசா விண்ணப்பத்தில் எந்த வழியாக உள்ளே வருவீர்கள், எந்த வழியாக வெளியே போவீர்கள் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. சொடுக்கினால் விமான நிலையங்கள், தரைவழிச் சாவடிகள், துறைமுகங்கள் என்று நீண்ட பட்டியல் விரியும். விசா என்றாலே விமானம் என்று பழகிய கை, தான் சோன் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. அது சைகோன் விமான நிலையத்தின் பெயர். விசாத் தாளிலும் அந்தப் பெயரே அச்சாகி வரும்.

அப்புறம் திட்டம் மாறும். கம்போடியாவின் சியம் ரீப்புக்கு மலிவாக டிக்கெட் கிடைத்தது, அங்கோர் வாட்டை முதலில் பார்த்துவிட்டு பஸ்ஸில் சைகோன் போகலாம் என்று முடிவாகும். ஓட்டல் மாற்றுவார்கள், பஸ் புக் செய்வார்கள். விசாத் தாளை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. விசாதான் வந்துவிட்டதே!

அடுத்து நடப்பது இது. நல்ல காலம் இருந்தால் புனோம் பென் பஸ் அலுவலகத்திலேயே தாளைப் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட் காசோடு போயிற்று. அங்கே கவனிக்காமல் விட்டால்தான் வினை. பாவெட்டில் கம்போடியா வெளியேறும் முத்திரை குத்திவிடும், அந்த நிமிடமே ஒருமுறை நுழைவுக்கான கம்போடிய விசா செத்துவிடும். மொக் பாயில் வியட்நாம் அதிகாரி தாளைப் பார்ப்பார், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். பஸ் உதவியாளர் ஏதோ சொல்லிப் பார்ப்பார். பிறகு உங்கள் பெட்டியைக் கீழே இறக்கி வைப்பார். இந்த நாட்டிலும் இல்லை, அந்த நாட்டிலும் இல்லை.

திரும்பி பாவெட்டுக்கு நடக்க வேண்டும். வெளியேறும் முத்திரையை ரத்துசெய்து தந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் இன்னொரு கம்போடிய விசா, 30 டாலர். வியட்நாமுக்குப் புது விண்ணப்பம், 25 டாலர். கட்டிய கட்டணம் திரும்பாது, கொடுத்த விசாவில் திருத்தமும் செய்ய முடியாது. பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மாட்டினால் சனி, ஞாயிறு கணக்கில் வராது, புதன் வரைக்கும் பாவெட்டுதான். சூதாட்ட விடுதிகளைத் தவிர அந்த ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. அவசரமாக எடுத்துத் தருகிறோம் என்று ஏஜென்ட்கள் வருவார்கள், கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும்.

இத்தனையும் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியதற்கு. படித்தவர்கள், பத்து நாடு சுற்றியவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பஸ் டிக்கெட்டுக்கு பத்து இணையதளத்தில் விலை பார்க்கிறார்கள், அந்த பஸ் எந்தச் சாவடி வழியாகப் போகிறது என்று ஒரு கேள்வி கேட்பதில்லை.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வழி, பிறகு பஸ், அதற்குப் பிறகு விசா. புனோம் பென் – சைகோன் பஸ் என்றால் மொக் பாய். அதே தை நின் மாகாணத்தில் சா மாட் என்று இன்னொரு சாவடியும் பட்டியலில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். புனோம் பென்னிலிருந்து மெகாங்கில் படகில் சாவ் டோக் போகிறீர்கள் என்றால் சோங் தியென். கம்போட், கெப் பக்கமிருந்து கடலோரமாக வந்தால் ஹா தியென். லாவோஸிலிருந்து ஹனோய் போகும் பஸ்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. வியன்டியானிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் காவ் த்ரேயோ வழி, ஆனால் லுவாங் பிரபாங்கிலிருந்து போகும் பஸ் எந்த வழி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "எந்த பார்டர்?" என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு விண்ணப்பத்தைத் திறங்கள்.

தேதிக் கட்டமும் இதே ரகம். விசா தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் போய் நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 15 முதல் இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. அப்படி இருக்க, பயண நாட்களை மட்டும் எண்ணி ஏழு நாளுக்குக் கேட்பது வீண் சிக்கனம். கட்டணம் ஒன்றுதான். இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கும்படி, நீளமாகவே கேளுங்கள்.

போய்த் திரும்பும் பயணத்துக்கு ஒருமுறை விசா

சைகோனில் இறங்கி, கம்போடியா போய்விட்டு, திரும்ப சைகோன் வந்து ஊருக்கு விமானம் ஏறுவது பலர் போடும் திட்டம். 25 டாலர் ஒருமுறை விசாவில் மொக் பாயைத் தாண்டியதும் அதன் வேலை முடிந்தது, மீதி எத்தனை நாள் இருந்தாலும் சரி. பலமுறை நுழைவு 50 டாலர். திரும்பி வருவதாக இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் வேறு, அனுபவம் வேறு

கோலாலம்பூரில் இருக்கும் மாமாவும் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும், "விசாவெல்லாம் ஒண்ணும் வேணாம், சும்மா ஏறு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பக்கமும் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பக்கமும் தேவை. ஒரே குடும்பம் ஒரே பஸ்ஸில் போனாலும் காகிதம் ஒன்றல்ல.

இனிஷியலை இஷ்டத்துக்கு விரிப்பது

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கும். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதல்லவா, அதில் உள்ள பெயரே பெயர். ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பாஸ்போர்ட் எண்ணையும் பூஜ்யத்துக்கும் 'ஓ'வுக்கும் குழப்பமில்லாமல் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வது நல்ல வழக்கம்.

தாளை இரண்டு பிரதி அச்சடித்துக் கையில் வையுங்கள். மொபைலில் காட்டிக்கொள்ளலாம் என்பது தரைச் சாவடியில் எடுபடாது.

உதவியாளர் கேட்கும் தொகையை அப்படியே எண்ணிக் கொடுப்பது

சைகோனில் பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் உதவியாளர் பாஸ்போர்ட்களைச் சேகரிக்க வருவார். கம்போடிய விசா இல்லாதவர்களிடம் 35 அல்லது 40 டாலர் கேட்பார். சுற்றுலா விசாவின் விலை 30 டாலர். மீதி, அவர் கவுண்டரில் போய் நிற்பதற்கான கூலி. 35 டாலர் விலையுள்ள இன்னொரு விசாவும் இருக்கிறது, அது 'ஈ' வகை, நீண்ட நாள் தங்கப்போகிறவர்களுக்கு. சுற்றுலாவுக்கு 'டி' வகை. இரண்டையும் குழப்பிப் பேசினால் ஏமாறாதீர்கள்.

கூலி கொடுப்பது குற்றமல்ல, வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். வேண்டாமென்றால் பணம் கேட்கும்போதே, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பாவெட்டில் முதல் ஆளாக இறங்கி கவுண்டருக்குப் போங்கள். பஸ் முழுக்கக் காத்திருக்கையில் அங்கே நின்று பேரம் பேசுவதுதான் தப்பு. இந்தத் தகராறே வேண்டாம் என்றால் கம்போடிய இ-விசாவை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், பாவெட்டில் ஏற்கிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும், பார்த்து நுழையுங்கள்.

கிழிந்த டாலர்

கம்போடியாவில் டாலரும் ரியலும் கலந்து ஓடும், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். ஆனால் ஓரம் கிழிந்த, மை பட்ட, கிறுக்கிய டாலர் நோட்டை விசா கவுண்டரும் வாங்காது, டீக்கடையும் வாங்காது. ஊரில் மாற்றும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், சில்லறை நோட்டாகக் கேளுங்கள். மிஞ்சிய வியட்நாம் டாங்கை சைகோனிலேயே செலவழித்துவிடுங்கள்.

முத்திரையைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போடுவது

மொக் பாயில் அதிகாரி பாஸ்போர்ட் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பாலசுப்பிரமணியம் அவர் வாயில் என்னவாக வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாது, மேலே தூக்கிப் பிடிக்கும் படத்தைப் பாருங்கள். கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பக்கத்தைத் திருப்புங்கள். வெளியேறும் முத்திரை இருக்கிறதா, நுழையும் முத்திரை இருக்கிறதா, தேதி இன்றையதுதானா? கம்போடியாவில் விரல் ரேகை எடுத்த பிறகும் முத்திரை விழாமல் வெளியே வந்துவிட முடியும், கூட்டம் அப்படி. பிறகு கிளம்பும் நாளில்தான் தெரியும். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் அபராதம் நாளுக்கு 10 டாலர்.

பெட்டி

கம்போடியாவிலிருந்து வரும்போது மொக் பாயில் எல்லாப் பெட்டியையும் இறக்கி ஸ்கேனில் போட வேண்டும். பாஸ்போர்ட், பணம், விசாத் தாள் மூன்றும் தோள் பையில் இருக்கட்டும். பெட்டியில் இ-சிகரெட் வேண்டாம், வியட்நாம் 2025 முதல் தடை செய்துவிட்டது.

பஸ் நிலையத்தைத் தேடுவது

புனோம் பென்னில் எல்லா பஸ்ஸும் கிளம்பும் ஒரே நிலையம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் அலுவலக வாசலிலிருந்தே கிளப்புகிறது. டிக்கெட்டில் உள்ள முகவரிக்குப் போங்கள்.

பழைய பயணக் குறிப்பை நம்பி பாங்காக் வழியைச் சேர்ப்பது

பாங்காக்கிலிருந்து அரண்யப்ரதேட், போய்பெட் வழியாக சியம் ரீப்புக்கு பஸ் என்பது பல வருடப் பிரபல வழி, இணையம் முழுக்க அதன் குறிப்புகள்தாம். 2025இல் தாய்லாந்து – கம்போடியா மோதலில் அந்தத் தரை எல்லைகளைப் பயணிகளுக்கு மூடினார்கள். பழைய டிக்கெட் பக்கங்கள் மட்டும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அந்த வாரத்துச் செய்தியைப் பார்க்காமல் அந்த வழியில் ஓட்டல்கூட புக் செய்யாதீர்கள்.

சிங்கப்பூர் – மலேசியா பஸ்ஸையும் இப்படியே நினைப்பது

அங்கே பஸ் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்டியோடு இறங்குங்கள், வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாட் யாய் – பினாங்கு வேன்

ஹாட் யாய் இருக்கும் தாய்லாந்தைவிட மலேசியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும்.

அன்று மாலையே விமானம்

ஏழு மணி நேரம் என்பது எல்லையில் கூட்டமில்லாத நாளின் கணக்கு. வியட்நாமின் தெத் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் வரும் கம்போடியாவின் கெமர் புத்தாண்டு, செப்டம்பர் – அக்டோபரில் அங்கே முன்னோர்களுக்காகக் கொண்டாடும் பிச்சும் பென் நாட்களில் பாவெட்டில் மட்டுமே மணிக்கணக்கில் நிற்க நேரும். பிறகு சைகோனுக்குள் நுழையும் 70 கிலோமீட்டரில் மாலை நேர மோட்டார் சைக்கிள் வெள்ளம். காலை பஸ், இரவு விமானம் என்று போடாதீர்கள். விமானம் மறுநாள்.