அதே பழுது, மூன்றாம் முறை: கேமிங் லேப்டாப்பை வாரண்டியில் கொடுப்பது எப்படி

விளையாடத் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து அணைந்துபோகும் லேப்டாப், சர்வீஸ் சென்டர் மேசையில் கால் மணி நேரம் நன்றாகவே ஓடும். ‘பழுது ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்த தடவை போனால் அது புதுப் புகாராகப் பதிவாகும். நான்கு முறை அலைந்த பிறகும் கையில் நான்கு தனித்தனிப் புகார்கள்தான் இருக்கும். ஒரே பழுது தீரவே இல்லை என்பதற்குச் சான்று இருக்காது. அந்தச் சான்றை முதல் தடவையிலிருந்தே சேர்க்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் பயாஸையும் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) டிரைவர்களையும் (பாகங்களை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) புதுப்பித்து, விண்டோஸையும் புதிதாக ஏற்றிப் பாருங்கள். அங்கே முதலில் சொல்லப்போவது இதைத்தான். செய்த தேதியைக் குறித்து வைத்தால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். கூடவே வந்த அடாப்டரில், எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் போட்டுச் சோதியுங்கள். பிறகு பழுதை வரவழைத்து, திரையும் கடிகாரமும் தெரிய இடைவெட்டு இல்லாமல் மொபைலில் வீடியோ எடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து அந்த நிமிடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘கெர்னல்-பவர் 41’ என்றால் இயந்திரம் முறையாக அணையவில்லை என்று மட்டும்தான் பொருள். காரணம் அதில் தெரியாது. ‘வியா லாக்கர்’ (WHEA-Logger) பிழை வன்பொருளைச் சுட்டுவது. அதைக் கட்டாயம் படம் பிடித்து வையுங்கள்.

‘ரொம்பச் சூடாகிறது’ என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. பல இன்டெல் பிராசஸர்களின் வெப்ப வரம்பே 100 டிகிரி. 95 டிகிரி வரை போவது இயல்பு என்று சொல்லிவிடுவார்கள். என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள்: ‘இந்த விளையாட்டில், இந்த செட்டிங்கில், 20 நிமிடத்தில் பிராசஸர் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது.’ ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் இந்த அளவுகளை நொடிக்கணக்கில் கோப்பாகச் சேமித்துத் தரும்.

கொடுக்கும் நாளில் மூடி, கீல், போர்ட்டுகள், திரை, அடிப்பக்கத் திருகுகள், சீரியல் எண் எல்லாவற்றையும் கவுண்டரிலேயே படமெடுங்கள். கீறலோ நீர்ப்பட்ட தடமோ பின்னால் தெரிந்தால், வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம் என்று வாரண்டியை மறுக்க அது போதும். ஜாப் ஷீட்டில் (அவர்கள் எழுதும் பழுதுப் பதிவுத் தாள்) உங்கள் வாசகமும், ‘இதே பழுது, முந்தைய கேஸ் எண் இன்னது’ என்ற வரியும் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

தரவுக்குக் காப்புப் பிரதி எடுத்து, பிட்லாக்கரை (விண்டோஸ் கோப்புகளுக்குப் போடும் பூட்டு) அணைத்துவிடுங்கள். மதர்போர்டு மாறினால், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் மாறும். மீட்புச் சாவி இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். சோதிப்பதற்கென்று தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள்.

திரும்ப வாங்கும்போது எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். மதர்போர்டை மாற்றியவர்கள் பயாஸில் சீரியல் எண்ணை ஏற்ற மறப்பதுண்டு. அப்போது நிறுவனத் தளத்தில் வாரண்டி காட்டாது, விண்டோஸ் ஆக்டிவேஷனும் போய்விடலாம். இரண்டையும் அங்கேயே பாருங்கள். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றினால், இடையில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும். அதே வேலை செய்யும் தெர்மல் பேட் இடம் மாறி உட்கார்ந்தாலோ ஃபேன் இணைப்பு சரியாகப் பொருந்தாவிட்டாலோ, பழைய பழுது தீர்ந்து புதுப் பழுது வரும். அதனால் வீட்டுக்கு வந்த அன்றே அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டி, பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். கோளாறு தெரிந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதையும் ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இந்தியச் சட்டத்தில் இத்தனை முறை பழுதானால் மாற்றித் தர வேண்டும் என்ற எண்ணிக்கை ஏதும் இல்லை. ஆனாலும் மூன்றாம் முறைக்குப் பிறகு இன்னொரு பழுதுபார்ப்புக்கு ஒப்புக்கொள்வது காலத்தைக் கரைப்பதுதான். தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, மாற்று லேப்டாப் அல்லது முழுப் பணம் என்று கேட்டு, 15 நாள் கெடு வைத்து, நிறுவனத்துக்கும் பில் போட்ட விற்பனையாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் புகார் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் போகும்.

அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை; வக்கீலும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். பரிசோதித்தால்தான் பழுது தெரியும் என்றால் ஆணையமே லேப்டாப்பை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆகவே வழக்கு முடியும்வரை வெளிக்கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். திறந்த தடம் இருந்தால் பழுது அங்கேதான் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.