நீள ஸ்கேல் செவன் ஸ்ட்ரிங் கிட்டார்ல ஜாஸ்: ஏழாவது ஸ்ட்ரிங்கை ஏ-ல வைங்க

வேலூர், காட்பாடி பக்கம் கிட்டார் வாசிக்கிற பசங்க எவ்ளோ பேர் வேணாலும் கெடைப்பாங்க, சர்ச் கொயர்ல ஆரம்பிச்சு காலேஜ் பேண்ட் வரைக்கும், ஆனா ஜாஸுக்குன்னு ஒரு பேஸ் பிளேயரை கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்குத்தான் இந்த ஏழாவது ஸ்ட்ரிங். பேஸும் நாமளே, கார்டும் நாமளே. மெட்டலுக்குன்னு வாங்கி மூலைல சாத்தி வச்சிருக்கிற 27 இன்ச் ஸ்கேல் (நட்டுலேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங்கோட நீளம்) செவன் ஸ்ட்ரிங் கிட்டாரை தூசி தட்டி எடுங்க. ஸ்ட்ரிங் மாத்தறது, செவன்த் கார்டுன்னா என்ன, இதெல்லாம் தெரியும்னு வச்சிக்கினுதான் எழுதறேன்.

ஸ்டெப் 1 – ட்யூனிங்

கடைல வர்ற செவன் ஸ்ட்ரிங் பெரும்பாலும் கீழ பி-லதான் வரும். 1990-ல ராக் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய் கூட சேர்ந்து ஐபனேஸ் கம்பெனி யூனிவர்ஸ்னு ஒரு கிட்டார் விட்டாங்களே, அந்த வழி அது. ஜாஸ்ல கதை அதுக்கு ரொம்ப முன்னாடி, 1930கள் கடைசிலயே ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் வேன் எப்ஸ் எபிஃபோன் கம்பெனில ஏழு ஸ்ட்ரிங் கிட்டார் செய்ய வச்சி கீழ ஏ வச்சி வாசிச்சாரு, அப்புறம் பக்கி பிசரெல்லியும் அதே ஏ தான். லாபம் இன்னான்னா, அஞ்சாவது ஸ்ட்ரிங்ல உங்களுக்கு தெரிஞ்ச ரூட் எல்லாம் அதே ஃப்ரெட்ல ஏழாவதுலயும் கீது, ஒரு ஆக்டேவ் கீழ. புதுசா மனப்பாடம் பண்ண ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 2 – ஸ்ட்ரிங்

ஏழாவதுக்கு 64-லேர்ந்து 70 கேஜுக்குள்ள (தடிப்பு, இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) தனி ஸ்ட்ரிங் ஆன்லைன்ல வாங்கிக்கோங்க. ஒரே ஸ்ட்ரிங், ஒரே சுருதி, ஆனா 25.5 இன்ச்ல இருக்கிறதைவிட 27 இன்ச்ல இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட, அதனால தான் கீழ ஏ தொளதொளன்னு ஆகாம நிக்குது. அதே காரணத்துக்கு ஒண்ணாவது ஸ்ட்ரிங்குக்கு 11 போட்டு பழகினவங்க இதுல 10 போடலாம். ஃப்ளாட்வவுண்ட் (மேல வழவழன்னு இருக்கிற ஸ்ட்ரிங்) கெடைச்சா கண்ண மூடிக்கினு வாங்குங்க, இல்லன்னா நிக்கல் ரவுண்ட்வவுண்ட் போட்டு டோன் குமிழை பாதிக்கு எறக்கிடுங்க.

(சேர்த்தது: ட்யூன் பண்றப்ப "டிங்"குனு சத்தம் வந்து சுருதி குதிக்குதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. நட்டுல (நெக் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) காடி சின்னது, தடி ஸ்ட்ரிங் மாட்டிக்குது. பழைய ஸ்ட்ரிங் துண்டு மேல 400 நம்பர் உப்புத்தாளை சுத்தி பக்கவாட்டுல மட்டும் தேயுங்க, ஆழமா போனா ஓப்பன் ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல இடிக்கும். கடைசில பென்சில் தூள் போடுங்க. 12-வது ஃப்ரெட்ல சுருதி ஏறி வந்தா சேடிலை (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) பின்னாடி தள்ளணும், இடம் பத்தலன்னா அதோட ஸ்ப்ரிங்கை பாதியா வெட்டிக்கலாம்.)

ஸ்டெப் 3 – மூணு கார்டு

எல்லாரும் திணற்ற எடம் இதுதான், மெதுவா படிங்க. சி கீல டூ-ஃபைவ்-ஒன், அதாவது ஜாஸ்ல அடிக்கடி வர்ற மூணு கார்டு வரிசை:

டி மைனர் செவன்: ஏழாவது ஸ்ட்ரிங் 5, நாலாவது 3, மூணாவது 5.
ஜி செவன்: ஆறாவது 3, நாலாவது 3, மூணாவது 4.
சி மேஜர் செவன்: ஏழாவது 3, நாலாவது 2, மூணாவது 4.

அவ்ளோதான், கார்டுக்கு மூணு நோட்டு. ஏழு ஸ்ட்ரிங் இருக்குதேன்னு ஏழையும் அடிச்சா சகதி மாதிரி குழம்பிடும், அவ்ளோ கீழ இருக்கிற ரூட்டுக்கு பக்கத்துலயே தேர்டை வச்சா காது தாங்காது. மேல இருக்கிற ரெண்டு நோட்டை மட்டும் கேட்டுப் பாருங்க: எஃப்-சி, எஃப்-பி, ஈ-பி. ஒரு தடவைக்கு ஒரு விரல்தான் நகருது, அதுவும் அரை ஸ்வரம்.

இப்ப மியூட். டி மைனர்ல மோதிர விரல் ஏழாவதை அழுத்தும்போது விரலை வில்லு மாதிரி வளைக்காம கொஞ்சம் படுக்க வைங்க, விரலோட அடிப்பக்கம் ஆறாவதையும் அஞ்சாவதையும் தொட்டு அடக்கிடும். ஜி செவன்ல உல்ட்டா, ஆறாவதை அழுத்தற விரல் நுனி ஏழாவதை லேசா உரசிக்கினு இருக்கணும், இல்லன்னா நீங்க தொடாமலே அது பின்னாடி உறுமும். 27 இன்ச்ல கை இழுக்குதுன்னா எல்லாத்தையும் 5 ஃப்ரெட் மேல தள்ளி எஃப் கீல பழகிட்டு அப்புறம் கீழ வாங்க. கிட்டாரை இடது தொடைல வச்சி நெக்கை தூக்கி புடிச்சா மணிக்கட்டு வலிக்காது.

பிக் வேணாம்னு சொல்வேன். கட்டை விரல் பேஸுக்கு, ரெண்டு விரல் கார்டுக்கு.

ஸ்டெப் 4 – நடக்கற பேஸ் (வாக்கிங் பேஸ், பீட்டுக்கு ஒரு நோட்டு)

டி (ஏழாவது 5), ஈ (ஆறாவது ஓப்பன்), எஃப் (1), எஃப் ஷார்ப் (2), அடுத்த பார் மொத பீட்ல ஜி (3). அங்கேர்ந்து எஃப், ஈ, ஏழாவது 4-ல சி ஷார்ப், அப்புறம் 3-ல சி. மொதல்ல பேஸ் மட்டும், மெட்ரோனோமை ரெண்டாவது, நாலாவது பீட்ல வச்சி. கார்டை ரெண்டாவது பீட்ல சின்னதா ஒரு தட்டு தட்டி விட்டா போதும், அழுத்திப் புடிச்சிக்கினு இருந்தா பேஸ் நடக்காது.

ஆம்ப் விஷயம்: கீழ ஏ 55 ஹெர்ட்ஸ், 8 இன்ச் ஸ்பீக்கர்ல அது முழுசா வராது. அதுக்காக பேஸ் குமிழை ஏத்தினா பெட்டிதான் கடகடன்னு ஆடும். நெக் பிக்கப் போட்டு பேஸை கொறைங்க, அதோட சேர்ந்து மேல வர்ற 110, 165 ஹெர்ட்ஸ் ஓவர்டோனை வச்சே காது ஏ-ன்னு புரிஞ்சிக்கும்.

இன்னொண்ணு, நீள நெக் கனத்துல கிட்டார் தலை கீழ சாயுதுன்னு ஒரு தம்பி கேட்டாரு. நைலான் ஸ்ட்ராப் வழுக்கும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் தோல் கம்பெனில தெரிஞ்சவங்க இருந்தா மூணு இன்ச் அகலத்துக்கு ஒரு துண்டு தோல் வாங்கி, சொரசொரப்பு பக்கம் தோள்ல படற மாதிரி தைச்சுக்கோங்க.