வாப்பிங் ஆற்றோரச் சத்திரத்தில் பேய்க்கதையோடு உண்பது எப்படி?

கிழக்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றின் வடகரையில் வாப்பிங் என்றொரு பழைய துறைமுகப் பகுதி இருக்கிறது. அங்கே 1520-ஆம் ஆண்டளவில் தோன்றியதாகச் சொல்லப்படும் ‘பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’ என்னும் பப் (ஆங்கிலேய மதுக்கூடம்), கடத்தல்காரர்களும் திருடர்களும் கூடும் இடம் என்பதால் முற்காலத்தில் ‘சாத்தானின் சத்திரம்’ என்று பெயர் பெற்றிருந்தது. பேய்க்கதையைத் தேடி முதன்முறையாக அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் கூட்டத்தில் நின்று, ஒரு கோப்பை அருந்தி, தூக்குக்கயிற்றைப் படம் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் திட்டமிட்டால் அந்த மாலை வேறு மாதிரி அமையும்.

முதற்படி: ஓத அட்டவணையைப் பாருங்கள்

மேசையை முன்பதிவு செய்வதற்கு முன் ‘லண்டன் பிரிட்ஜ்’ ஓத அட்டவணையை, அதாவது நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, பார்த்துவிடுங்கள். தேம்ஸ் இங்கே கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் வரை மாறும். நீர் வற்றியிருக்கும்போதுதான் கரையில் இறங்க முடியும். அந்த வற்று நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று சென்றவர் சொன்ன நேரம் உங்களுக்கு அப்படியே உதவாது. முதல் முறை நான் இதைப் பொருட்படுத்தாமல் சென்றேன். படிக்கட்டின் பாதியைத் தண்ணீர் விழுங்கியிருந்தது. கரையில் கால் வைக்காமலே திரும்பினேன்.

இரண்டாம் படி: உண்பதற்கு முன் கரையில் இறங்குங்கள்

வாப்பிங் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் சத்திரம் வந்துவிடும். அதை ஒட்டிய குறுகிய சந்தின் முடிவில் ‘பெலிகன்’ படிக்கட்டு இருக்கிறது. கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள். கரையில் கிடக்கும் களிமண் புகைக்குழாய்த் துண்டுகளைப் பார்க்கலாம், ஆனால் துறைமுக ஆணையத்தின் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. அங்கிருந்து தலையை நிமிர்த்தினால் சத்திரத்தின் பின்புறம் தூக்குமரமும் சுருக்குக்கயிறும் தொங்குவது தெரியும்.

அந்தக் கயிறு அலங்காரத்திற்காக மாட்டப்பட்டது. ஆனால் அது சுட்டிக்காட்டும் கொடுமை உண்மையானது. கடற்குற்றங்களை விசாரித்த அட்மிரால்டி, கடற்கொள்ளையர்களை வாப்பிங்கில் வற்றுக்கரையிலேயே தூக்கிலிட்டு, உடலின் மேல் மூன்று ஓதங்கள் ஏறி இறங்கும்வரை அப்படியே விட்டுவைத்தது. கடற்கொள்ளையர் என்று தீர்ப்பளிக்கப்பட்ட கேப்டன் கிட் 1701 மே 23 அன்று இங்கே தூக்கிலிடப்பட்டார். முதல் கயிறு அறுந்ததால் இரண்டாம் முறையும் ஏற்றினார்கள். அவரைத் தூக்குமரம் வரை கொண்டுவந்த குற்றங்கள் நம் பக்கத்துக் கடலில் நிகழ்ந்தவை: தன் கப்பலின் பீரங்கிக்காரர் வில்லியம் மூரை வாளியால் அடித்துக் கொன்றதும், 1698-இல் கொச்சிக்கு அருகே ‘குவெடா மெர்ச்சன்ட்’ என்ற கப்பலைக் கைப்பற்றியதும். இத்துறையின் கடைசித் தூக்கு 1830-இல் நடந்தது. தூக்குமேடை சரியாக எந்த இடத்தில் இருந்தது என்பதில் இக்கரையின் மூன்று பப்கள் உரிமை கொண்டாடுகின்றன. எனவே “இதே இடம்தான்” என்று அடித்துச் சொல்பவரைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பேய்க்கதையைத் தேதியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்

சத்திரத்தின் பெயர்போன ஆவி நீதிபதி ஜெஃப்ரீஸ். 1685-இல், மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மன்மத் கோமகனோடு சேர்ந்து எழுந்த கலகக்காரர்களை நூற்றுக்கணக்கில் தூக்குக்கு அனுப்பியவர்; கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக ஏகபோகத்தை அதே காலத்தில் செல்லும் என்று தீர்ப்பளித்தவரும் அவரே. ஆற்றோர மேசையில் உண்டபடி தூக்குகளைப் பார்த்து ரசித்தார், இன்றும் அங்கே உலவுகிறார் என்பது கதை. 1688 டிசம்பரில் மாலுமி வேடத்தில் தப்ப முயன்று வாப்பிங்கில் பிடிபட்டதும், 1689-இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்ததும் பதிவான செய்திகள். ஆகவே யாராவது அவர் கேப்டன் கிட்டின் சாவைப் பார்த்துச் சிரித்தார் என்று சொன்னால், அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைவில் வையுங்கள். பேயாக வந்து பார்த்தார் என்றால் நமக்கு மறுப்பில்லை.

கட்டடத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பழைய சத்திரம் தீயில் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டபோதுதான் ஆற்றில் நின்ற ஒரு நிலக்கரிக் கப்பலின் பெயர் இதற்கு வந்தது. முதல் கட்டடத்தில் எஞ்சியது காலடியில் உள்ள தேய்ந்த கல்தளம் மட்டுமே என்கிறார்கள். எனவே நடுக்கம் வேண்டுவோர் தரையைப் பார்த்தால் போதும்.

நான்காம் படி: உணவைக் கேட்டு வாங்குங்கள்

ஆங்கிலேய பப்களில் மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருப்பதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மேசையின் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, வெள்ளீயக் கலவைத் தகடு வேய்ந்த நீண்ட மதுமுகப்புக்கு (மது பரிமாறும் மேடைக்கு) சென்று, அங்கேயே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி லிட்டர். அளவு மிகுதி என்று தோன்றினால் அரை பைன்ட் கேட்கலாம், மது வேண்டாதவர் எலுமிச்சைச் சோடா கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சமையலறை, மதுமுகப்பு மூடுவதற்கு வெகு முன்பே அடுப்பை அணைத்துவிடும் என்பதால் உணவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வருகைக்குப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் என் தேர்வு. தட்டு வந்ததும் மொறுமொறுப்பான மேலோட்டைக் கரண்டியால் தட்டி உடைத்து, உள்ளே ஆவி பறக்கும் வெள்ளைச் சதையின் மேல் மால்ட் வினிகரைத் தெளியுங்கள். ஓட்டின் மேல் ஊற்றினால் அது உடனே தொய்ந்துவிடும். சைவ உணவினர் வறுவலை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்பது நல்லது, ஏனெனில் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு. ஞாயிறன்று ரோஸ்ட்டோடு (அடுப்பில் சுட்ட இறைச்சியோடு) வரும் யார்க்‌ஷயர் புட்டிங், பெயரைக் கேட்டு நினைப்பதுபோல் இனிப்பன்று. குழம்பை ஏந்தும் உப்பிய மாவுக்கிண்ணம்.

ஐந்தாம் படி: ஓதம் திரும்பும்வரை இருங்கள்

சாளரத்தோர மேசை கிடைத்தால், சாப்பிட்டு முடிப்பதற்குள் நீங்கள் நின்ற கரை மெல்ல மறைவதைக் காணலாம். முதலில் கற்கள், பிறகு கீழ்ப்படிகள், பிறகு தூக்குமரத்தின் அடி என்று நீர் ஏறும். கிட்டின் உடல்மேல் ஏறியதும் இதே ஓதம்தான். கடைசி மணி அடித்ததும் கோப்பைகளை முகப்பில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்நேரத்தில் பெலிகன் படிக்கட்டுப் பக்கம் மட்டும் போக வேண்டாம், பேயைவிடப் பாசிதான் அங்கே ஆபத்து.