கொலோனோஸ்கோபி ஆய்வைப் படிக்கும்போது கால் இடறும் இடங்கள்

2022 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நார்டிக் ஆய்வு வெளியானதும், பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியால் பெரிதாகப் பயனில்லை என்று செய்திகள் பறந்தன. ஆய்வில் குறையில்லை, படித்த விதம்தான் கோணல்.

போலந்து, நார்வே, ஸ்வீடனில் 55 முதல் 64 வயது வரையிலான 84,585 பேர். அவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த சுமார் 28,000 பேருக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அழைப்பு போனது, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 10 ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, அழைப்பு போகாத தரப்பில் 10,000 பேருக்கு 120 பேர், போன தரப்பில் 98 பேர். இதைத்தான் '18 சதவீதம் குறைந்தது' என்றார்கள். 10,000-க்கு 22 பேர் குறைவு என்பதும் அதே கணக்குதான். சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மலையாகவும் தெரியும், மடுவாகவும் தெரியும்.

முதல் சறுக்கல் 'அழைப்பு' என்ற சொல்லில். அழைக்கப்பட்டவர்களில் வந்து குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் 42 சதவீதம்தான். நார்வேயில் 60 சதவீதத்துக்கு மேல், போலந்தில் 33. அந்த 18 சதவீதம், கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டவரையும் சேர்த்த கணக்கு. ஒரு சுகாதாரத் துறைக்கு அதுதான் வேண்டும். பரிசோதனை மேசையில் படுக்கப்போகிறவருக்கு அது பதில் ஆகாது.

சரி, வந்தவர்களை மட்டும் பார்ப்போமே என்றால் புற்றுநோய் 31 சதவீதம் குறைந்தது என்று வருகிறது. இதை அப்படியே நம்புவதும் தவறு, சொல்லப்போனால் படித்தவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். கூப்பிட்டதும் வருகிறவர் பெரும்பாலும் உடம்பைப் பேணுகிறவர், புகைபிடிக்காதவர். குலுக்கிப் பிரித்த சமநிலை அங்கே கலைந்துவிடுகிறது. புள்ளியியல் திருத்தம் செய்துதான் அந்த எண்ணைத் தந்தார்கள், ஆனாலும் ஐயம் முழுக்கத் தீராது.

பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள், அழைப்பு போகாத தரப்பில் 10,000-க்கு 31, போன தரப்பில் 28; இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) புற்றாக மாறவே 10 ஆண்டுபோல் ஆகும், அதனால் இது பாதி வழியில் எடுத்த படம்.

இன்னொன்று, இது அறிகுறி ஏதும் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு. மலத்தில் ரத்தம் கண்டு, 'மூலமாக இருக்கும்' என்று களிம்பு வாங்கப் போகிறவர் இந்த எண்களைக் காட்டி கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட முடியாது.