ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு: இங்கே சட்டம் தேடப் போனால் லண்டனில் ஆரம்பிக்காதீர்கள்

பிரான்சுக் கரைக்கு அருகே இருக்கும் ஜெர்சித் தீவில் ஒரு ஒப்பந்தத் தகராறு, அதற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று தேடித் தரச் சொன்னால் நம் கை முதலில் போவது இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்துக்குத்தான். பவுண்டில் வியாபாரம், ஆங்கிலம் பேசுகிற மக்கள், நாணயத்தில் மன்னர் தலை, வேறென்ன நினைக்கத் தோன்றும்? முதல் தடவை நானும் அப்படித்தான் இரண்டு நாள் முழுக்க இங்கிலாந்துத் தீர்ப்புகளைப் படித்துக் குறிப்பெடுத்தேன், கடைசியில் அதில் பாதிக்கு மேல் பயன்படவில்லை. அந்த இரண்டு நாள் உங்களுக்கும் வீணாகக் கூடாது.

முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு மூன்றும் பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்டவை, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. ஜெர்சியும் கெர்ன்சியும் நார்மண்டி டியூக்கின் தீவுகளாக இருந்தவை. 1204ல் ஜான் மன்னர் பிரான்சுப் பக்கத்து நார்மண்டியை இழந்தபோது தீவுகள் மட்டும் அவரிடம் தங்கிவிட்டன, அவற்றோடு நார்மன் வழக்காற்றுச் சட்டமும் தங்கிவிட்டது. ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவுக்கு வேறு கதை. அதற்கு டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றமும், டீம்ஸ்டர் என்று அழைக்கப்படும் நீதிபதிகளும் உண்டு.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? எந்தத் தீவு என்பதைச் சரியாகக் கேட்டுக்கொள்வதில். ஜெர்சி, கெர்ன்சி வட்டாரங்களைச் சேர்த்துச் சேனல் தீவுகள் என்பார்கள், ஆனால் "சேனல் தீவுகளின் சட்டம்" என்று ஒன்று கிடையவே கிடையாது. கெர்ன்சி வட்டாரத்துக்குள்ளேயே ஆல்டர்னிக்கு ஒரு சட்டசபை, 500 பேர் சொச்சம் வாழும் சார்க் தீவுக்கு சீஃப் ப்ளீஸ் என்ற இன்னொரு சட்டசபை. சட்டத்தின் பெயரே இங்கே கைகொடுக்கும். அடைப்புக்குறிக்குள் வெறுமனே கெர்ன்சி என்று இருந்தால் அது பெரும்பாலும் அந்தத் தீவோடு நின்றுவிடும், பெய்லிவிக் ஆஃப் கெர்ன்சி, அதாவது கெர்ன்சி வட்டாரம், என்று இருந்தால் ஆல்டர்னி, சார்க் வரைக்கும் போகும். மான் தீவில் இன்னும் கவனம் வேண்டும், அங்கே கம்பெனீஸ் ஆக்ட் 2006 என்று ஒரு சட்டம் இருக்கிறது, ஐக்கிய இராச்சியத்திலும் அதே பெயரில் அதே ஆண்டில் ஒன்று இருக்கிறது, இரண்டும் முற்றிலும் வேறு. தேடுபொறி முதலில் கொண்டுவந்து காட்டுவது எதை என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, சொற்கள். ஆர்டினன்ஸ் என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு அவசரச் சட்டம்தான் நினைவுக்கு வரும், சட்டசபை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிப்பது. கெர்ன்சியில் அப்படி இல்லை. அங்கே ஸ்டேட்ஸ் எனப்படும் சட்டசபை தன் அதிகாரத்திலேயே இயற்றுவது ஆர்டினன்ஸ், மன்னரின் ஒப்புதலுக்காக லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மன்னரின் ஆலோசனை மன்றம் வரை போய்வருவது லா. இலங்கை வாசகர்கள் பழைய கட்டளைச் சட்டங்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு கிட்டத்தில் வரும். ஜெர்சியிலும் முதன்மைச் சட்டத்தின் பெயர் லாதான், அதன் கீழே சட்டசபை போடுவது ரெகுலேஷன்ஸ், அமைச்சர் போடுவது ஆர்டர். அங்கே ஆக்ட் என்று கண்ணில் பட்டால் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு சட்டம் எந்த நாளிலிருந்து அமலாகும் என்று சொல்லும் ஆவணமாகக்கூட இருக்கலாம். மான் தீவில் ஆக்ட் என்றால் சட்டமேதான்!

அமலுக்கு வந்த நாளைப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. ஜெர்சியின் மனித உரிமைச் சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆண்டு 2000, நடைமுறைக்கு வந்ததோ 2006 டிசம்பரில். நடுவில் ஏதாவது ஒரு ஆண்டில் நடந்த சம்பவத்துக்கு அதை மேற்கோள் காட்டினால் என்னாகும் என்று யோசியுங்கள். மான் தீவில் இன்னொரு படியும் உண்டு, ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸில் டின்வால்ட் குன்றின் மேல் புதிய சட்டங்களை மேங்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள். பார்க்க அழகான சடங்கு, ஆனால் வெறும் சடங்கு இல்லை. ஒப்புதல் கிடைத்த 18 மாதத்துக்குள் அப்படி அறிவிக்காவிட்டால் அந்தச் சட்டம் செல்லாமல் போய்விடும்.

சட்ட வாசகம் எங்கே கிடைக்கும் என்றால், மூன்று இடத்துக்கும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. ஜெர்சிக்கு ஜெர்சி சட்டத் தகவல் வாரியத்தின் தளம், கெர்ன்சிக்கு கெர்ன்சி லீகல் ரிசோர்சஸ், மான் தீவுக்கு அரசின் சட்டத் தளம். இயற்றியபோது இருந்த வாசகம், திருத்தங்கள் சேர்த்த இன்றைய வாசகம் என இரண்டு வடிவம் இருந்தால் எதைத் திறந்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

லண்டன் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று தீவுக்குப் பொருந்துமா என்ற கேள்வி அடிக்கடி வரும். அந்தச் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளைப் புரட்டுங்கள். தீவுகளுக்கு நீட்டிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தால் மட்டும் போதாது, அப்படி நீட்டித்து பிரிவி கவுன்சில் வழியாக மன்னரின் ஆணை (ஆர்டர் இன் கவுன்சில்) உண்மையில் பிறந்ததா என்று தனியாகத் தேட வேண்டும்.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன ஒப்பந்தத்துக்கு வருகிறேன், இந்தத் தீவுகளின் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். ஜெர்சியில் ஒப்பந்தத்துக்கு முழுமையான சட்டத் தொகுப்பு எதுவும் இல்லை, தீர்ப்புகளையும் பழைய உரையாசிரியர்களையும் வைத்துத்தான் கட்ட வேண்டும். 1996ல் செல்பி எதிர் ரொமெரில் வழக்கில் ஜெர்சியின் முதன்மை நீதிமன்றமான ராயல் கோர்ட் செல்லுபடியாகும் ஒப்பந்தத்துக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்றது: சம்மதம், தகுதி, பொருள், அப்புறம் காஸ், அதாவது ஒருவர் கடமையை ஏற்பதற்கான காரணம். நம் ஒப்பந்தச் சட்டத்தில் மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) என்று படிக்கிறோமே, அது இருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சு மரபின் காஸ் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டு ஓர்லியான் சட்ட அறிஞர் போத்தியே இன்றும் ஜெர்சித் தீர்ப்புகளில் பேசுகிறார். கெர்ன்சிக்குப் போனால் அந்த இடத்தில் தெரியென் என்ற உரையாசிரியர் வருவார், நார்மன் சட்டத்துக்கு அவர் எழுதிய உரையை அடிப்படையாக வைத்துத்தான் 1583ல் அந்தத் தீவு தன் சட்டங்களை வகுத்துக்கொண்டது.

இப்படிச் சொன்னேன் என்பதற்காக இங்கிலாந்துத் தீர்ப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவனக்குறைவு வழக்குகளில் அவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு, கம்பெனிச் சட்டத்திலும் பல பிரிவுகள் அங்கிருந்து எடுத்தவை. ஜெர்சி, கெர்ன்சியில் நிலம், வாரிசுரிமை, கடன் ஈடு என்று வந்தால் நார்மன் பக்கம் திரும்புங்கள். ஜெர்சியில் நிலச் சொத்து பற்றிய 1880ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது, நிலப் பத்திரங்களும் 2006 வரை பிரெஞ்சில்தான் எழுதப்பட்டன. மொழிபெயர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், மேற்கோளுக்கு மூலத்துக்கே போங்கள்.

ஜெர்சித் தீர்ப்பு எண்களைப் பழகிக்கொள்வது சுலபம். ஜே.ஆர்.சி. என்றால் ஜெர்சி ராயல் கோர்ட், ஜே.சி.ஏ. என்றால் ஜெர்சி மேல்முறையீட்டு மன்றம், ஜே.எல்.ஆர். என்றால் 1985 முதல் வரும் அச்சுத் தொகுதி. மேல்முறையீட்டு மன்றத்துக்கும் மேலே பிரிவி கவுன்சில், இந்தியாவிலிருந்து 1949 வரை மேல்முறையீடு போன அதே இடம். தீவிலிருந்து அங்கே போன வழக்குகளைத் தனியாக ஒருமுறை தேடுங்கள், கீழே பார்த்த தீர்ப்பு மேலே மாறியிருக்கலாம்.

யாருடைய பணமோ வீடோ இதில் மாட்டியிருந்தால், இத்தனையும் தேடி வைத்துக்கொண்டு அந்தத் தீவிலேயே பதிவு பெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். லண்டன் வழக்கறிஞருக்கு, எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ராயல் கோர்ட்டில் வாதாடும் உரிமை அதனாலேயே வந்துவிடாது.