பழைய பாணி பைப்ளேன் வாங்கப் போகிறீர்களா? படிப்படியாகப் பார்ப்போம்

செஸ்னா பயிற்சி விமானத்தில் கற்று உரிமமும் வாங்கியாயிற்று, இனி வார இறுதியில் சந்தோஷத்துக்காகப் பறக்க ஒரு திறந்த காக்பிட் பைப்ளேன் வாங்கினால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன். இந்த இரட்டை இறக்கை விமானங்கள் நிறைய விற்பனைக்கு வருவதும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்கள் கிடைப்பதும் அங்கேதான். எந்த மாடல் என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பளபளப்பான பெயிண்டில் மயங்கி, உள்ளே இருக்கும் மரத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு இறக்கைகளைப் புதிதாகக் கட்டும் செலவு பெரிய தொகையை விழுங்கிவிடும்.

படி 1: முதலில் பயிற்சி, பிறகு தேடல்

பழைய பாணி பைப்ளேன் என்றாலே பெரும்பாலும் வால் சக்கர விமானம்தான், அதாவது மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது கொஞ்சம் திசை விலகினாலும் வால் முன்னே வரப் பார்க்கும். காலால் உடனே ரட்டரை (வாலில் இருக்கும் திசைத் திருப்பியை) மிதித்துத் திருத்தாவிட்டால் விமானம் தரையிலேயே சுழன்று, கீழ் இறக்கை நுனி தரையில் இடித்துவிடும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். அதனால் வால் சக்கரப் பயிற்சி பெற்றதாக ஒரு பயிற்றுநர் உங்கள் லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி சொல்கிறது. இத்தனை மணி நேரம் என்று கணக்கு எதுவும் இல்லை, அவருக்குத் திருப்தி வர வேண்டும், அவ்வளவுதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று: இன்ஜின் 200 குதிரைத்திறனைத் தாண்டினால் அதற்குத் தனிக் கையெழுத்து வேண்டும். படி 3-இல் நான் சொல்லப்போகும் ஸ்டியர்மன் பைப்ளேனின் வழக்கமான கான்டினென்டல் ஆர்-670 இன்ஜின் 220 குதிரைத்திறன், அதாவது பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

சிட்டாப்ரியா மாதிரி ஒரு வால் சக்கர விமானத்தில் கால்களைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் நீங்கள் வாங்க நினைக்கும் வகையிலேயே சில மணி நேரம் பறந்து பாருங்கள். தரையில் மூக்கு முன்பக்கத்தை முழுசாக மறைக்கும், பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் தரையில் ஓட்டிப் போக வேண்டும். இது பிடிக்கிறதா என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் நல்லது.

படி 2: யாரோடு, எதற்காகப் பறக்கப் போகிறீர்கள்?

மாலையில் ஊரைச் சுற்றி ஒரு வட்டமா, தலைகீழாகச் சுழலும் சாகசமா, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதா? நேர்மையாக யோசியுங்கள். பெரும்பாலான இந்த விமானங்களில் பைலட் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், முன்னால் ஒருவருக்குத்தான் இடம். நீண்ட பயணத்துக்கு எதுவும் ஒத்துவராது. ஸ்டியர்மன் மணிக்கு 100 மைலை ஒட்டிய வேகத்தில் போய்க்கொண்டே, மணிக்குச் சுமார் 12, 13 கேலன், அதாவது 45 முதல் 50 லிட்டர் பெட்ரோல் குடிக்கும்.

படி 3: மாடலைத் தேர்ந்தெடுப்பது

முதல் பைப்ளேனுக்கு என் ஓட்டு போயிங் ஸ்டியர்மன் மாடல் 75-க்குத்தான். 1934-இல் முதலில் பறந்தது, ராணுவப் பயிற்சிக்காக 8,000-க்கும் மேல் கட்டினார்கள். புதிதாகக் கற்பவர்களின் மோசமான தரையிறக்கங்களைத் தாங்கவே வடிவமைத்ததால் உடம்பு முரடு. உதிரிப்பாகம் கிடைக்கும், விஷயம் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்கில் 1972 முதல் செப்டம்பரை ஒட்டி ஸ்டியர்மன்காரர்கள் கூடுகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு தடவை அங்கே போய் உரிமையாளர்களிடம் பேசிப் பாருங்கள், விளம்பரங்களில் கிடைக்காத விவரமெல்லாம் கிடைக்கும்.

டி ஹாவிலாண்ட் டைகர் மோத் அழகு, சந்தேகமே இல்லை. 1931-இல் பறக்கத் தொடங்கியது, இந்தியப் பறப்புக் கழகங்களிலும் ஒரு காலத்தில் பலர் இதில்தான் கற்றார்கள். ஆனால் மூல வடிவத்தில் பிரேக்கும் கிடையாது, வால் சக்கரமும் கிடையாது, வாலில் ஒரு சறுக்குக் கட்டைதான். புல்தரை ஓடுபாதை பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கனடாவில் கட்டிய டிஎச் 82சி வகையில் பிரேக்கும் வால் சக்கரமும் உண்டு.

பணம் ஒரு பிரச்சினை இல்லை, பழைய தோற்றமும் வேண்டும், புது விமானமும் வேண்டும் என்றால் மிஷிகன் மாநிலத்து வாக்கோ ஒய்எம்எஃப்-5 இருக்கிறது. 1930-களின் வடிவத்தை 1980-களில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். முன் காக்பிட்டில் இரண்டு பேர் உட்காரலாம்.

பட்ஜெட் குறைவென்றால் வீட்டில் கட்டிய ரகங்களைப் பாருங்கள். விஸ்கான்சினின் ஜான் ஹாட்ஸ் வடிவமைத்து 1968-இல் பறந்த ஹாட்ஸ் சிபி-1 நல்ல உதாரணம். சாதாரண லைகமிங் அல்லது கான்டினென்டல் இன்ஜின் போதும், செலவு கையைக் கடிக்காது. பராமரிப்பு வேலைகளை நீங்களே செய்யலாம். ஆனால் வருடாந்திரச் சோதனையில் கையெழுத்திடும் தகுதி கட்டியவருக்குக் கிடைக்கும், வாங்கியவருக்குத் தானாக வராது. அதற்குப் பெரும்பாலும் ஏ அண்ட் பி உரிமம் (விமான உடலுக்கும் இன்ஜினுக்குமான எஃப்ஏஏ உரிமம்) உள்ள மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும்.

பிட்ஸ் ஸ்பெஷலை முதல் விமானமாக வாங்காதீர்கள். சாகசத்துக்கென்றே பிறந்தது, தரையிறங்கும்போது ஒரு நொடி கவனம் சிதறினாலும் விடாது.

படி 4: டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

கீழ் இறக்கையின் அடியில் வட்ட மூடிகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, டார்ச் அடித்து, கண்ணாடியைச் சாய்த்து ஸ்பாரை, அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் கட்டையை, பாருங்கள். அது ஸ்ப்ரூஸ் மரம். இழைகளுக்குக் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தால் அது மரம் அழுத்தத்தில் நசுங்கியதால் வந்த விரிசலாக இருக்கலாம், பெரும்பாலும் பழைய கிரவுண்ட் லூப் விட்டுப் போன தடம். மெக்கானிக் அது என்னவென்று உறுதி செய்யும் வரை பேரம் பேசவே வேண்டாம். ஒட்டு விட்டிருக்கிறதா, தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்கை நுனியில் மட்டும் புதுத்துணி தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

துணிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இருட்டான ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) விளக்கை உடல்பகுதிக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வந்தால், வெயிலைத் தடுக்கும் வெள்ளிப் பூச்சு போதவில்லை என்று அர்த்தம். இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணிதான், பருத்தியைவிடப் பல வருடம் கூட உழைக்கும், ஆனால் இந்தப் பூச்சு சரியாக இருந்தால்தான்.

ஸ்டியர்மன் என்றால் அது வயலில் மருந்து தெளித்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் விற்ற விமானங்களில் நிறைய அந்த வேலைக்குத்தான் போயின. ரசாயனம் எஃகுக் குழாய்களை அரித்திருக்கலாம், முக்கியமாக வால் பக்கத்து அடிக்குழாய்களை.

ஸ்டியர்மனில் இருப்பது போன்ற, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் இன்ஜினில், சில நாள் நின்றாலே எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். இக்னிஷனை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ப்ரொபெல்லரைக் கையால் குறைந்தது இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகி நின்றால் அழுத்தித் தள்ளாதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள், கீழ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். விற்பவர் இதை வழக்கமாகச் செய்கிறாரா என்று பார்த்தாலே அவர் இன்ஜினை எப்படி வைத்திருந்தார் என்பது புரிந்துவிடும். பத்து வருடம் அசையாமல் கிடந்த "குறைந்த மணி நேர" இன்ஜினைவிட, வாரா வாரம் பறந்த இன்ஜின் மேல்.

படி 5: காகிதமும் ஹேங்கரும்

ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ பதிவகத்தில் அந்த விமானத்தின் பழுதுபார்ப்பு வரலாற்றையும், அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் சரிபார்க்கலாம். பெரிய பழுதுகளுக்கான 337 படிவங்களை விமானத்தின் லாக் புக்கோடு ஒப்பிடுங்கள். இறக்கைத் துணியைக் கடைசியாகப் பிரித்த வருடமும், அப்போது எடுத்த படங்களும் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

விலை பேசும் முன்பே ஹேங்கரையும் காப்பீட்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். துணி விமானத்தை வெயிலிலும் மழையிலும் நிறுத்தவே கூடாது. ஸ்டியர்மனின் இறக்கை நுனிக்கு நுனி 32 அடிக்குக் கொஞ்சம் மேல், அதனால் ஹேங்கர் கதவை அளந்து பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் உங்கள் வால் சக்கர அனுபவத்தைக் கேட்கும், பல சமயம் அதே வகையில் பயிற்றுநரோடு இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றும் சொல்லும்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுவருவது

அந்த வகையில் நிறையப் பறந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் காற்று குறைவான நாளாகப் பார்த்து, புல்தரை ஓடுபாதைகளாக இணைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு கட்டத்தையும் முடியுங்கள். இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய் அளவையும், இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் இறுக்கத்தையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குக் கிளம்புங்கள்.